பேச்சை மாற்றும் பியாட்ரிஸ்

வேண்டாத கேள்வி வந்தால் பியாட்ரிஸ் முடிவெட்ட வந்தவளின் உச்சந்தலையில் தண்ணீரைப் பீய்ச்சிவிடுவாள். கேட்டவள் சிலிர்த்து அடங்குவதற்குள், "என்னக்கா, முடி இப்படிக் கொட்டுது?" என்பாள். அதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் ஊர்க்கதை பேசுவதில்லை.

மாசாய் ஊர்க் கடைவரிசையின் கோடியில் அவளுடைய சலூன். இரண்டு நாற்காலி, சுவரில் மாதா படம், திரைக்குப் பின்னால் ஒரு சிற்றறை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பல்லிடுக்கில் எப்போதும் ஒரு கிளிப். யார் மகன் சிங்கப்பூரில் வேலையை விட்டான், யார் மகள் யாரோடு போனாள், எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தது எதுவும் அந்தக் கிளிப்பைத் தாண்டி வந்ததில்லை.

அன்று மாலை சிற்றறையில் லோஷினி ஒளிந்திருந்தாள். கணவன் ரூபேந்திரன் அடித்ததில் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பெக்கான் நானாஸிலிருந்து அவளுடைய அக்காள் காரில் வந்து கூட்டிப்போக வேண்டும்.

அக்காளுக்கு முன்னால் மாமியார் கஸ்தூரி வந்துவிட்டாள்.

"சாயம் போட்டு விடு."

பியாட்ரிஸ் தூரிகையை எடுத்தாள். கஸ்தூரியின் வகிட்டருகே பழைய தையல் தழும்பு ஒன்று உண்டு. அது எப்படி வந்தது என்று பியாட்ரிஸ் இன்றுவரை கேட்டதில்லை.

"எங்க மருமக இந்தப் பக்கம் வந்தாளா?"

கை தண்ணீர்ப் போத்தலுக்குப் போய்த் திரும்பியது. சாயத் தலையில் பீய்ச்ச முடியாது.

"சிங்கப்பூர்ப் பாலத்துல இன்னிக்கு ஒரே ஜாமாம்க்கா. எங்க மக ஷர்மைன் இன்னும் வந்து சேரல."

"இங்கதான் ஓடி வந்தாள்னு பார்த்தவங்க சொன்னாங்க."

"ஊருல சொல்லாததாக்கா? முடி என்ன இப்படி..."

"பேச்ச மாத்தாத லா, பியாட்ரிஸ்."

கண்ணாடியில் இருவர் கண்களும் சந்தித்தன. பியாட்ரிஸ் தூரிகையைச் சாயக் கிண்ணத்தில் வைத்தாள்.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ரூபேந்திரன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே தலையை நீட்டினான்.

"ம்மா, இங்க இருக்காளா?"

திரைக்குப் பின்னால் ஏதோ கீழே விழுந்தது. அதே நொடியில் கஸ்தூரி பெரிதாக இருமினாள்.

"இங்க எங்கடா இருக்கா? இப்பதான் கேட்டேன், வரவே இல்லையாம். லார்க்கின் பஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாரு."

"அப்ப நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

"நாளைக்குக் கல்யாணத்துக்கு நரையோட போகவா? நின்னு கேள்வி கேட்காத. பஸ் ஏறிடப் போறா, ஓடு!"

அவன் திரையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. அந்தச் சத்தம் தெருமுக்கைத் தாண்டித் தேய்ந்தது.

கஸ்தூரி சிற்றறைப் பக்கம் திரும்பவே இல்லை. காதோரம் கறுப்புச் சாயம் வழிய எழுந்துபோய், கடைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள்.