மிம்ஸம்மா கொடுத்த நோட்டு

ஆர்டீலியா மிம்ஸ் என்று கேட்டால் லாக்கெட் கல்லூரியில் பாதிப் பேர் முழிப்பார்கள். மிம்ஸம்மா என்று கேட்டால் சமையல்கட்டு வரை வழி காட்டுவார்கள். பெண்கள் விடுதிக்கு இருபத்தொரு வருஷம் காப்பாளராக இருந்தவர். ஒல்லி உடம்பு, கனத்த குரல். மாடியில் ஒருத்தி சீப்பைக் கீழே போட்டால், போட்டவள் யார் என்று கீழேயிருந்தே சொல்லிவிடுவார் என்பார்கள். கொஞ்சம் மிகைதான், ரொம்ப மிகையில்லை.

அவரும் அந்தக் கல்லூரியில் படித்தவர்தான். அமெரிக்காவின் தெற்கே அடிமைத்தனம் ஒழிந்த மறு வருஷங்களில் கறுப்பர்களான நம் ஜனங்கள் கோழியும் முட்டையும் மரக்கட்டையுமாகக் கொடுத்து எழுப்பிய கல்லூரி அது. முதல் கட்டடத்துக்குச் செங்கல் அறுத்தவர்களே முதல் மாணவர்கள். பின்னால் மாநில அரசு அதை எடுத்துக்கொண்டது. சம்பளம் ஒழுங்காக வரத் தொடங்கியது. கூடவே, வெள்ளைக்காரர்கள் மட்டுமே உட்கார்ந்த ஒரு நிர்வாகக் குழுவும் வந்து சேர்ந்தது. நம் பிள்ளை என்ன படிக்கலாம் என்று அவர்கள் நகரத்தில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்.

பருத்திக்காட்டுக் குத்தகைக் குடும்பத்துப் பெண் ஆர்டீலியா, பதினேழு வயதில் அங்கே வந்தார். படிப்புக்கு ஈடாகக் கல்லூரிச் சலவைக்கூடத்தில் வேலை. பக்கத்து மேசையில் ஹோரஸ் டில்மன் என்று ஒரு பையன், அவனும் அதே மாதிரி வெறுங்கையோடு வந்தவன். அவன் கைப்பட்டை தேய்ப்பான், இவர் காலர் தேய்ப்பார். ஒரு தடவை கொதிநீர் கொட்டி அவன் கை வெந்துபோனது. வேலை செய்யாதவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த மாதம் முழுக்க அவன் பங்குச் சட்டைகளையும் ஆர்டீலியாவே தேய்த்துப்போட்டார். மேற்பார்வையாளர் வரும்போது மட்டும் அவன் இஸ்திரிப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்காகச் சிரித்திருக்கிறார்கள்.

ஹோரஸ் மேலே மேலே போனான். ரயிலில் வேலை பார்த்த வால்டர் மிம்ஸைக் கட்டிக்கொண்டு ஆர்டீலியா கீழேயே இருந்தார். வால்டர் இறந்தபோது, "டீலியா, விடுதிக்கு ஆள் வேணும், வா" என்று கூப்பிட்டவன் ஹோரஸ்தான். பிறகு அவன் கல்லூரித் தலைவரானான். எல்லார் முன்னாலும் அவர் டாக்டர் டில்மன். கதவைச் சாத்தினால் பழைய ஹோரஸ். கூடப் பிறந்தவனை நம்புகிற மாதிரி மிம்ஸம்மா அவரை நம்பினார்.

விடுதி வாசலில் ஒரு நோட்டு உண்டு. வெளியே போகிற பெண் அதில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். எங்கே, யாரோடு, எதற்கு, எப்போது திரும்புவாள், கையெழுத்து. தொப்பியும் கையுறையும் இல்லாமல் கடைவீதிக்கு அனுப்ப மாட்டார்கள். பையன்கள் விடுதியில் இப்படி எதுவும் கிடையாது. அவர்கள் இஷ்டத்துக்குப் போவார்கள், வருவார்கள். ஆண்பிள்ளைக்கு எதற்கு நோட்டு என்பது அந்தக் காலத்து ஞானம். மிம்ஸம்மாவுக்கு அந்த நோட்டு வேதப்புத்தகத்துக்கு அடுத்தபடி. ஒருத்தி நூலகம் என்று எழுதிவிட்டு நடன அரங்குக்குப் போனாள் என்று ஒரு மாதம் வாசலைத் தாண்டவிடவில்லை.

1960 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை. இருபத்துமூன்று பெண்கள் தொப்பியும் கையுறையுமாக வரிசையில் நின்றார்கள். முன்னால் லூவினியா கேஜ். பாடகர் குழுவில் பாடுகிறவள், வாய்த்துடுக்கு. அவள் எழுதியதை மிம்ஸம்மா இரண்டு தடவை வாசித்தார். 'பிராண்டன் கடை. காபி குடிக்க.'

பிராண்டன் கடையில் நம் ஆட்கள் துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம். காபி மேசையில் உட்காரக் கூடாது. அது வெள்ளைக்காரர்களுக்கு. சுற்றுப்பட்டு ஊர்களில் கல்லூரிப் பிள்ளைகள் அப்படிப் போய் உட்கார்ந்து சிறைக்குப் போவது அப்போதுதான் தொடங்கியிருந்தது.

"காபி நம்ம சாப்பாட்டுக் கூடத்துலயே இருக்கேடி," என்றார் மிம்ஸம்மா.

"இருக்கு மிம்ஸம்மா. ஆனா அத காபின்னு சமையல்காரர் மட்டுந்தான் சொல்றாரு."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மிம்ஸம்மா குரலைத் தாழ்த்தினார். "லூ, சொல்றதக் கேளு. நூலகம்னு எழுதிட்டுப் போங்க. நான் பாக்கல."

"பொய் எழுதினா வாசப்படி தாண்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்க போறோம்னு சொல்ல வெக்கப்பட்டா, எதுக்குப் போகணும்?"

தான் வளர்த்த பிள்ளை தான் சொன்னதை வைத்தே தன்னை மடக்குகிறாள். அவருக்குப் பயமாக இருந்தது. அதே நேரம் பெருமையில் கண்ணும் கலங்கியது. இருபத்துமூன்று பேரும் அழகான கையெழுத்தில் 'காபி குடிக்க' என்று எழுதினார்கள். கடைசிப் பெண்ணின் காலரைச் சரி செய்து, "நேரா உக்காருங்க, கூன் போடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

கடையில் என்ன நடந்தது என்பது எல்லா ஊரிலும் நடந்ததுதான். பையன்கள் விடுதியிலிருந்தும் இருபத்தைந்து பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து இவர்கள் தலையில் சர்க்கரையைக் கொட்டினார்கள், கன்னத்துக்கு நேராக எரியும் சிகரெட்டை நீட்டினார்கள். போலீஸ் வண்டியில் இடம் பற்றாமல் எட்டுப் பெண்களையும் ஐந்து பையன்களையும் மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றவர்களை விரட்டிவிட்டார்கள். அந்தப் பதின்மூன்று பேரைத் தவிர, போனவர்கள் யார் என்று ஒரு வெள்ளைக்காரனுக்கும் தெரியாது.

திங்கட்கிழமை டாக்டர் டில்மன் விடுதியின் சமையல்கட்டு வாசல் வழியாக வந்தார். பிரட்டிய கீரையும் சோளரொட்டியும் வைத்துக்கொடுத்தார் மிம்ஸம்மா. அவர் தொடவில்லை.

"டீலியா, வக்கீல் வந்திருக்கார். போன பொண்ணுங்க எல்லார் பேரும் வேணுமாம். நாளைக்கு எவளயாவது தனியாப் புடிச்சா உடனே போய் நிக்கணும்ல?"

"பேரெல்லாம் நோட்டுல இருக்கே ஹோரஸ்."

"அதான் குடு. நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன்."

நம் பிள்ளைகளுக்கு வக்கீல் வைத்திருக்கிறானே என்று அவருக்கு மனசு குளிர்ந்தது. நோட்டைத் துணியால் துடைத்துக் கொடுத்தார்.

புதன்கிழமை ஜெபக்கூடத்துக்கு எல்லாரும் வர வேண்டும் என்று உத்தரவு. சிறையிலிருந்து வெளியே வந்திருந்த எட்டுப் பெண்களும் முன்வரிசையில் இருந்தார்கள். டாக்டர் டில்மன் மேடையேறி, நிர்வாகக் குழுவின் கட்டளைப்படி கீழ்க்கண்டவர்கள் கல்லூரியிலிருந்து நீக்கப்படுகிறார்கள் என்று சொல்லி, ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். சிறைக்குப் போன ஐந்து பையன்கள் முதலில். அப்புறம் பெண்கள். எட்டோடு நிற்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஒன்பது வந்தது, பத்து வந்தது, நிற்கவில்லை.

மிம்ஸம்மாவுக்கு அந்த வரிசை காதில் உறைத்தது. அன்று காலை வாசலில் நின்ற அதே வரிசை. கல்லூரிப் பதிவேட்டில் மேரி ஆன் என்று இருப்பவளை 'மின்னி' என்று வாசித்தார். நோட்டில்தான் அவள் மின்னி. பட்டியல் நோட்டிலிருந்துதான் வந்தது என்று அந்தப் பெண்களுக்கும் புரிந்தது. ஒவ்வொருத்தியாகத் திரும்பி, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மிம்ஸம்மாவைப் பார்த்தார்கள். கடையில் கூட உட்கார்ந்த பையன்களில் இருபது பேர் பெயர் வரவே இல்லை. அவர்களுக்குத்தான் நோட்டு கிடையாதே.

சாயங்காலத்துக்குள் விடுதியைக் காலி செய்ய வேண்டும். லூவினியா பெட்டியை இழுத்துக்கொண்டு படியிறங்கும்போது மிம்ஸம்மா ஓடிப்போய்ப் பிடித்தார்.

"விடுங்க, மிஸஸ் மிம்ஸ்," என்றாள் அவள். அவள் படிப்பு முடியப் பதினொரு வாரம்தான் பாக்கி இருந்தது. மிம்ஸம்மாவின் கை தானாக விட்டுவிட்டது.

நேராகத் தலைவர் அறைக்குப் போனார். கதவைத் தட்டவில்லை.

"வக்கீல் எங்க ஹோரஸ்?"

அவன் (இனிமேல் எனக்கு அவர் என்று எழுத வரவில்லை, மன்னிக்கவும்) நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "கல்லூரிய மூடிடுவேன்னாங்க டீலியா. ஆயிரத்து எறநூறு பிள்ளைங்க ஒரு பக்கம், இவங்க ஒரு பக்கம். நீயே சொல்லு."

"அத அன்னைக்கே எங்கிட்ட சொல்லிக் கேட்டிருக்கலாமே."

"சொன்னா நீ குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

அந்த ஒரு வார்த்தையை அவன் வெகு சாதாரணமாகச் சொன்னான். வெந்த கைக்காக ஒரு மாதம் அவன் பங்குச் சட்டைகளைத் தேய்த்தது மிம்ஸம்மாவுக்கு நினைவுக்கு வந்தது, அதைச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எனக்குத் தெரியாதுன்னு அந்தப் பொண்ணுங்ககிட்ட சொல்லு. வக்கீலுக்குன்னு பொய் சொல்லி வாங்கினேன்னு, அதே மேடையில நின்னு சொல்லு. வேற எதுவும் வேணாம்."

"சொல்றேன். கொஞ்சம் அடங்கட்டும்."

அந்த வருஷக் கடைசியில் மிம்ஸம்மா வேலையை விட்டார். கல்லூரி வாசலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு, தேவாலயத்துக் குழந்தைகளுக்குப் பாடம், இவ்வளவுதான் வாழ்க்கை. தானாகப் போய்த் தன்னைப் பற்றிச் சொன்னால் சால்ஜாப்பு மாதிரி இருக்கும், ஏமாற்றியவன் வாயால் வரட்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அது வீம்புதான். ஆனால் வீம்பைத் தவிர அவரிடம் வேறென்ன மிச்சம் இருந்தது?

ஒவ்வொரு அக்டோபரிலும் கல்லூரி விழாவுக்குப் பழைய மாணவர்கள் ஊருக்குத் திரும்புவார்கள். கல்லூரி வாத்தியக்குழுவோடு ஊர்வலம் அவர் வீட்டைத் தாண்டித்தான் போகும். டிரம் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிரும், மீன் பொரிக்கிற வாசனை தெருவை நிறைக்கும். அவர் வளர்த்த பெண்கள், நீக்கப்பட்டவர்களும் சேர்த்துத்தான், புருஷன் பிள்ளைகளோடு காரில் கையசைத்துக்கொண்டு போவார்கள். அந்த வீட்டுப் பக்கம் வரும்போது மட்டும் எதிர்ப்பக்கம் பார்ப்பார்கள். மிம்ஸம்மா ஜன்னலைச் சாத்தியதில்லை. ஹோரஸை எங்காவது பார்த்தால், "எப்ப?" என்பார். "நேரம் வரட்டும் டீலியா," என்பான் அவன். அவன் ஓய்வு பெற்றபோது புது நூலகத்துக்கு அவன் பெயரை வைத்தார்கள். 1986-ல் செத்தும் போனான். நேரம் வரவில்லை.

1988 மே மாதம், கல்லூரி அதற்குள் பல்கலைக்கழகமாகியிருந்தது. நீக்கப்பட்டவர்களுக்கெல்லாம் பட்டமளிப்பு விழாவில் பட்டம் கொடுக்க முடிவு செய்தார்கள். மிம்ஸம்மாவுக்கும் அழைப்பு வந்தது. எண்பத்துமூன்று வயதில் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு போனார். வரவேற்பு அறையில் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண் வந்து பக்கத்தில் குனிந்தாள். முடி நரைத்திருந்தது. குரலை வைத்துத்தான் லூவினியா என்று தெரிந்தது.

"மிம்ஸம்மா."

இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் மிம்ஸம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்க எல்லாரும் பேசிட்டோம்," என்றாள் லூவினியா. "உங்கள மன்னிச்சுட்டோம். மனசுல எதுவும் வச்சுக்காதீங்க."

"எதுக்கு மன்னிப்பு?"

"நோட்ட நீங்களே கொண்டு போய்க் குடுத்ததுக்குத்தான். டாக்டர் டில்மன் சாகறதுக்கு முன்னாடி எங்க எல்லாருக்கும் கடிதம் எழுதினார். விதவை, வேலை போயிடும்னு பயந்து செஞ்சுட்டா, அவளக் கோவிச்சுக்காதீங்கன்னு. பெரிய மனுசன், உங்களுக்காகக் கெஞ்சியிருந்தார்."

ஹோரஸ் வாயால் வரட்டும் என்று மிம்ஸம்மா இத்தனை வருஷம் காத்திருந்தார். வந்துவிட்டது. அழுகை வரும் என்று நினைத்தார், வந்தது கோபம். மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

"அவன் என் சமையல்கட்டுக்கு வந்து, உங்களுக்கு வக்கீல் வச்சிருக்கேன்னு சொல்லி வாங்கிட்டுப் போனான் லூ. நீங்க மாட்டிக்கிட்டா காப்பாத்தன்னு சொன்னான். நம்பிக் குடுத்தேன்."

லூவினியாவின் முகம் குழம்பியது. நூலகத்துச் சுவரில் பொறித்த பெயரை நம்புவதா, இந்தக் கிழவியை நம்புவதா என்று தெரியாத குழப்பம். "அவரு செத்துட்டாரே," என்றாள் கடைசியில். "இனிமே யாரக் கேக்கறது மிம்ஸம்மா?"

"என்னக் கேட்டிருக்கலாம்," என்றார் மிம்ஸம்மா. குரல் உயரவில்லை. "ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்தேன். இருபத்தெட்டு வருஷம் என் வீட்டத் தாண்டித்தானே ஊர்வலம் போனீங்க. இருபத்துமூணு பேருல ஒருத்தி எறங்கி வந்து, 'நீங்களா குடுத்தீங்க?'ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். அவன் ஏமாத்தினான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். உங்கள எதிர்பாத்துத்தான் நான் ஏமாந்தேன்."

வெளியே அங்கி போட்டவர்களை வரிசையில் நிறுத்த ஆரம்பித்திருந்தார்கள். யாரோ வந்து லூவினியாவை அவசரமாகக் கூப்பிட்டார்கள், அவள் போக வேண்டியதாயிற்று.