மிஸ்டர் பார்பரின் ஹெல்மெட்

எங்கள் தெருமுனையில் புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, காத்திருந்தால் காபி வேறு. பலகையில் கொட்டை எழுத்தில், ஆங்கிலத்தில், 'பார்பர்' என்று போட்டிருக்கிறது. வேலை பார்க்கிற பையன்கள் கறுப்புச் சட்டையின் முதுகில் அதே சொல்லைப் போட்டுக்கொண்டு ஜம்மென்று நடமாடுகிறார்கள். நேற்று முடி வெட்டி முடித்ததும் கழுத்தில் பவுடர் பூசினார்கள். அந்த வாசனை என்னை நேராக துபாய்க்கு, சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் இருந்த எங்கள் ரூமுக்குக் கொண்டுபோய்விட்டது.

இரண்டாயிரத்துச் சொச்சம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன் நின்ற காலம். ஒரு கட்டட சைட்டில் நான் ஸ்டோர் கீப்பர். பெயர்தான் பெரிது, கையுறையும் பூட்ஸும் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற வேலை. ஸ்டிக்கர் அடிக்கிற சின்ன மெஷின் ஒன்றும் என் பொறுப்பில் இருந்தது. என்ஜினீயர்களின் வெள்ளை ஹெல்மெட்டில் அவரவர் பெயரை அடித்து ஒட்டுவேன். ஒட்டும்போது நானே பெயர் வைப்பதுபோல ஒரு தோரணை வந்துவிடும்.

எங்களுக்கு ஸ்டிக்கர் தேவைப்படவில்லை. மேசன் ராசு, பெயிண்டர் ராசு, வெல்டர் அந்தோணி. ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? என்னை வெறுமனே 'ஸ்டோரு' என்பார்கள். அதில் எனக்கு ஏக நிம்மதி. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் என்னை வேறொரு சொல்லால் கூப்பிடுவார்கள். அப்பா முடி வெட்டுகிறவர். அந்தச் சொல்லிலிருந்து தப்பிக்கத்தான் விமானம் ஏறினேன் என்றால் கொஞ்சம் மிகைதான், ஆனால் பொய்யில்லை.

ரூமில் யாருக்கும் இது தெரியாது. ஒரே சட்டியில் கைபோட்டுச் சாப்பிடுகிறவர்கள், தெரிந்த மறுநாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களோ என்று பயம்.

இதில் பெரிய சோதனை வெள்ளிக்கிழமை. அன்று லீவு. ரூமில் எல்லோருக்கும் ஆறுமுகம் அண்ணன்தான் முடி வெட்டுவார். அறந்தாங்கிப் பக்கம், நிலபுலம் உள்ள குடும்பம், சைட்டில் கம்பி கட்டுகிறவர். கத்தரிக்கோல் பிடிக்க யாரிடமும் கற்றவர் இல்லை. துணிச்சல் ஒன்றுதான் தகுதி. அவரிடம் தலையைக் கொடுத்தவன் ஆடு மேய்ந்த தோட்டமாகத்தான் எழுந்திருப்பான். எனக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் சீப்பை நான் எடுக்கிற லட்சணத்திலேயே குட்டு உடைந்துவிடும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் இங்கிலாந்திலிருந்து புது என்ஜினீயர் வந்தார். பெயர் கீத் பார்பர். காகிதத்தில் அதைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு பெரிய மனிதரின் நெற்றியில் இதையா ஒட்டுவது? 'மிஸ்டர் கீத்' என்று மட்டும் அடித்து, ஏதோ அவர் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு ஒட்டினேன்.

மறுநாளே கவுன்ட்டருக்கு வந்து, மற்றவர்களுக்கெல்லாம் முழுப்பெயர், எனக்கு மட்டும் ஏன் பாதி என்று கேட்டார்.

"ஃபார் ரெஸ்பெக்ட், சார்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் அந்தச் சொல்லை ஆளைத் தாழ்த்தத்தான் சொல்வார்கள் என்று என் ஓட்டை ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் கையுறைப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். எந்தக் காலத்துப் பாட்டனோ முடி வெட்டியிருக்கிறான், பல்லும் பிடுங்கியிருக்கிறான், கட்டியும் கீறியிருக்கிறான். கத்தரிக்கோல் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது என்றார். அவர் அப்பா பஸ் ஓட்டினாராம். தங்கை டீச்சராம், பள்ளிக்கூடமே 'மிஸ் பார்பர்' என்றுதான் கூப்பிடுமாம்.

"பிள்ளைகள் சிரிக்கமாட்டார்களா?" என்று கேட்டேன்.

"எதற்கு?" என்றார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

எங்கள் தாத்தாவும் கட்டி கீறினவர்தான். ஊரில் பாதிப்பேரை அம்மாதான் பிரசவம் பார்த்து வெளியே எடுத்தாள். திடீரென்று என்ன தைரியம் வந்ததோ, "மை ஃபாதர் ஆல்சோ பார்பர், சார்" என்றேன். ஊரை விட்டு வந்தபிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார்.

திரும்பினால் பின்னால் ஆறுமுகம் அண்ணன். கையுறை வாங்க வந்தவர். அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் நான் சொன்னதைப் புரிந்துகொள்ள அவ்வளவு தேவையும் இல்லை. கையுறையை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விட்டார். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலும் பேசவில்லை. ராத்திரி நான் சட்டிப் பக்கமே போகவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணன் வழக்கம்போல ஸ்டூலைப் போட்டார், கத்தரிக்கோலை எடுத்தார். இனி இது உன் வேலை என்று என் கையில் திணிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே ரூம் மாறியிருப்பேன்.

"ஸ்டோரு, வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். துண்டைப் போர்த்தினார்.

"ஒங்கப்பாருக்கு யாருடா முடி வெட்டுவா?"

ரூமில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "சித்தப்பா வெட்டுவாருண்ணே. அவருக்கு அப்பா வெட்டுவாரு" என்றேன்.

"எங்க வீட்டுக் கொல்லைக்கும் ஒருத்தரு வருவாரு. ஒரு நாளும் அவர உக்காருன்னு சொன்னதில்ல" என்றார். என் தலையில் தண்ணீர் தெளித்தார். "சரி, குனி. தப்பா வெட்டுனா சொல்லித் தொல."

"சீப்பச் சாய்ச்சுப் புடிங்கண்ணே" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கண்ணில் முடி விழுந்துவிட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன். அவர் வெட்டியதிலேயே படுமோசமான வெட்டு அதுதான். கடைசியில் கழுத்தில் கொஞ்சம் பவுடரைத் தட்டி, "எந்திரிடா" என்றார். சாப்பாட்டுக்கு எல்லோரும் அதே சட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். மறுநாள் மிஸ்டர் பார்பரின் முழுப்பெயரையும் மெஷினில் இருந்த பெரிய எழுத்திலேயே அடித்து ஒட்டினேன்.

சைட் முடிந்ததும் மிஸ்டர் பார்பர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். கம்பெனியை மூடிவிட்டார்கள். நாங்கள் இருந்த கேம்ப்பை இடித்துவிட்டதாகக் கேள்வி. ஆறுமுகம் அண்ணனும் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நேற்று கடைப் பையன் பின்னால் கண்ணாடியைப் பிடித்து, "ஓகேவா சார்?" என்றான். ஓர் ஏற்ற இறக்கம் இல்லை, நன்றாகத்தான் வெட்டியிருந்தான். ஆனால் நான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்த பிறகு, என்னை உட்காரச் சொல்லி வெட்டியவர் ஆறுமுகம் அண்ணன் ஒருவர்தான்.