வேறொருவர் மெஷினுக்கு வைத்த பொட்டு

மறைமலைநகரில் நான் முதலில் கற்றுக்கொண்ட வித்தை, துணிக்கொடியைப் படிப்பது. நம் மலேசியாவில், கிள்ளான் பக்கத்தில், கொடியில் துணி காய்ந்தால் துணி காய்கிறது, அவ்வளவுதான். இங்கே எங்கள் தெருப் பெண்கள் கோலம் போட்டு நிமிரும்போதே எதிர்வீட்டுக் கொடியை ஒரு நோட்டம் விட்டுவிடுவார்கள். நீலச் சட்டை காய்ந்தால் அந்த வீட்டு ஆம்பளை கம்பெனியில் நிரந்தரம். அவரை நம்பிச் சீட்டில் சேர்க்கலாம், பெண் கூடக் கொடுக்கலாம். சாம்பல் நிறச் சட்டை என்றால் கான்ட்ராக்ட். அந்த வீட்டுக்காரம்மாவிடம் பேச்சிலேயே ஒரு இழுவை வந்துவிடும். என் கணவர் குணசேகரனுக்கு நீலச் சட்டை என்பதால் நான் வந்த வாரமே எனக்கு நல்ல மரியாதை. எந்த ஊர்க்காரி என்று தெரிந்த பிறகு அந்த மரியாதையோடு கொஞ்சம் வேடிக்கை பார்ப்பதும் சேர்ந்துகொண்டது.

கணவர் செங்கல்பட்டுக்காரர். கிள்ளானில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, என்னையும் கட்டிக்கொண்டு 2003-ல் ஊர் திரும்பினார். கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவருக்குச் சூப்பர்வைசர் வேலை. என்னிடம் இருப்பது மலேசியப் பாஸ்போர்ட். வருடா வருடம் போலீஸ் அலுவலகத்தில் போய் நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று பதிந்துவிட்டு வர வேண்டும். மற்ற நாளெல்லாம் தமிழச்சி, அந்த ஒரு நாள் மட்டும் அந்நிய நாட்டுக்காரி. தேவி பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த புதிதில் அவளைப் பார்த்து, நம் வழக்கப்படி, "பசியாறியாச்சா?" என்று கேட்டு வைத்தேன். சாப்பிட்டாயா என்று குசலம் கேட்டது அவளுக்குப் புரியவில்லை. என் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று நினைத்து ஓடிப்போய் ஆறு இட்லியும் கெட்டிச் சட்னியும் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாயைத் திறந்து விளக்குவதற்குள் இன்னும் இரண்டு வைத்தாள். எங்கள் சிநேகிதம் அப்படித்தான் தொடங்கியது.

தேவியின் கணவர் ஏழுமலை. புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்துக்காரர். சுனாமியில் படகும் வலையும் போன பிறகு, இனிமேல் கடலே வேண்டாம் என்று கிளம்பி வந்து சாம்பல் சட்டை மாட்டியவர். தகட்டை அமுக்கி வளைக்கும் ஒரு பெரிய பிரஸ்ஸில் அவருக்கு வேலை. இங்கே ஆயுத பூஜையன்று தொழிற்சாலைக்குள் குடும்பத்தோடு போகலாம். ஒவ்வொருவரும் தன் மெஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டுவார்கள். அடுத்தவர் மெஷினில் யாரும் கை வைப்பதில்லை. சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் இன்னொருவர் மனைவிக்குப் பூ வாங்கிக் கொடுப்பதை எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் அதையும் பார்ப்பார்கள். நாலு வருடமாக ஏழுமலை தன் பிரஸ்ஸுக்கு முன்னால் தேவியை நிறுத்தி, "இதான் நம்ம படகு" என்று சிரிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

2008 கடைசியில் எங்கேயோ அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்தன என்று செய்தி வாசித்தார்கள். பொங்கலுக்குள் அது எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. கம்பெனிப் பேருந்து பாதி காலியாகப் போனது. கொடிகளிலிருந்து சாம்பல் சட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஏழுமலையிடம், "ஆர்டர் வந்ததும் கூப்பிடுறோம்" என்றார்கள். அவர் அதை அப்படியே நம்பினார். ஆயுத பூஜைக்குள் கூப்பிட்டுவிடுவார்கள் என்று தேவி சாமிக்கு முடிந்து வைத்தாள். தெருவிலேயே சாம்பல் சட்டை விடாமல் காய்ந்த ஒரே இடம் எங்கள் வீட்டு மாடிக் கொடி.

மாடி அறையில் ஒரிசாவிலிருந்து வந்த ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களைக் கூட்டி வந்த கான்ட்ராக்டர் குறைந்த கூலிக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கினார். ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது. கம்பெனி அவர்களை அனுப்பாததற்கு அதுதான் காரணம். ஆனால் கான்ட்ராக்டர் எங்கே இருக்கிறார் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. மாடியில் இருப்பவர்களைத்தான் தினமும் கண்ணால் பார்க்கிறார்கள். முதலில் குழாயடியில் அவர்களுடைய குடத்தை நகர்த்தி வைத்தார்கள். பிறகு அண்ணாச்சி கடையில் அவர்களுக்கு மட்டும் அரிசி தீர்ந்துபோனது. யாரும் சத்தம் போடவில்லை. இதை நான் முன்பே ஒருமுறை பார்த்திருந்தேன்.

1998-ல், ரிங்கிட் மதிப்பு விழுந்து நம்மூரில் கட்டட வேலைகள் பாதியில் நின்றபோது, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொங்சியில் இந்தோனேசியக் கூலிகள் இருந்தார்கள். அந்தத் தகரக் கொட்டகையில் நாற்பது ஐம்பது பேர். என் அப்பா லாரி ஓட்டுநர். "இவனுங்கள கப்பல்ல ஏத்தி அனுப்பினாதான் நமக்கு வேலை லா" என்று காப்பிக் கடையில் உட்கார்ந்து அவர் சொல்லாத நாள் இல்லை. சொன்னபடியே ஒருநாள் வண்டிகள் வந்து அவர்களை ஏற்றிப் போயின. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அந்த மாதமே லாரி யார்டில் ஆள் குறைத்தார்கள். அப்பா போய் நியாயம் கேட்டபோது அங்கே கணக்கு எழுதும் கிராணி தலையை நிமிர்த்தாமல், "வேலை இல்லைன்னா இந்தியாவுக்குத் திரும்பிப் போ" என்றாராம். அப்பா பிறந்தது கிள்ளானில். இந்தியாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. கோபத்தைவிட அவருக்கு ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

மாடியில் இருந்தவர்களில் என்னிடம் பேசுகிறவன் ப்ரதாப் மட்டும்தான். ஊரில் மனைவியும் கைக்குழந்தையும். என்னை அக்கா முறையில் "தீதி" என்பான். அவனுடைய இந்தியும் என் ஆங்கிலமும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ள, நடுநடுவே தமிழ் வந்து காப்பாற்றும். ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு விடிகாலையில் வந்து எங்கள் வேலியோரம் பூத்திருந்த துலுக்கச் சாமந்தியைக் கேட்டான். அவர்கள் ஊரில் விஸ்வகர்மா பூஜை அன்றைக்குத்தானாம். மனசார ஒரு கூடை பறித்துக் கொடுத்தேன். நம்மூரிலும் லாரிக்கு எலுமிச்சம்பழம் கட்டி வளர்ந்தவள்தானே நான், இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அவர்கள் ஊர் வழக்கம் வேறு. பட்டறையில் இருக்கும் எந்த ஆயுதத்தையும் அன்று வெறுமனே விடக் கூடாது. ஓடுகிறதோ, ஓடவில்லையோ, யாருடையதோ, எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. ப்ரதாப் தன் வேலையை முடித்துவிட்டு, தார்ப்பாய் போட்டு மூடிக்கிடந்த மெஷின்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து குங்குமம் வைத்திருக்கிறான். ஏழுமலையின் பிரஸ்ஸுக்கு மாலையும் போட்டிருக்கிறான். அதுதான் இருப்பதிலேயே பெரியது என்பதால்.

சாயங்காலம் பேருந்து வந்து நின்றபோதே செய்தியும் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஏழுமலை எங்கள் வாசலில் நின்றார். பின்னால் குப்பத்திலிருந்து வந்து தங்கியிருந்த மச்சான்மார் நாலு பேர். எதிர்வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

"இன்னாக்கா, உன் வூட்டுப் பூவாமே அது?" என்றார்.

"அவங்க ஊருல இன்னைக்குத்தான் பூசை, ஏழுமலை. எல்லா மெஷினுக்கும் வைப்பாங்களாம். அது உங்களுதுன்னு அவனுக்குத் தெரியாது" என்றேன்.

"நாலு வருசமா நான் சந்தனம் வெச்ச பிரஸ்ஸு அது. நான் உசுரோட இங்க குந்திகினு கீறேன், அவன் இன்னாத்துக்கு மாலை போடுறான்? மெஷின அவனாண்ட குடுத்துட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

என் கணவர் குறுக்கே வந்து, "அந்த பிரஸ்ஸுக்கு ஆர்டரே இல்லப்பா. யாருமே ஓட்டல" என்றார். ஏழுமலை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீலச் சட்டை வேறென்ன சொல்லும் என்று நினைத்திருக்கலாம். நான் மாடிப்படியில் ஏறிக் குறுக்கே நின்றுகொண்டேன்.

"யக்கா, தள்ளிக்கோ. இது எங்களுக்குள்ள. நீயும் வந்தவதானே" என்றார் ஏழுமலை. கத்தவில்லை. நான் படியை விட்டு நகரவில்லை.

சத்தம் கேட்டு ப்ரதாப் அறைக் கதவைத் திறந்தான். கீழே ஐந்து பேர் நிற்பதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை மாதத்தில் அந்தப் படியேறி அவர்களைத் தேடி யாரும் வந்ததில்லை. பூஜை நாளில் வந்திருக்கிறார்கள். பிரசாதத்துக்கு என்றுதான் நினைத்தான். உள்ளே ஓடிப்போய் ஒரு தட்டில் பூந்தியும் தேங்காய்ச் சில்லும் எடுத்துக்கொண்டு, என்னையும் தாண்டி இறங்கி வந்து, இரண்டு கையாலும் ஏழுமலையிடம் நீட்டினான். "அண்ணா, பிரசாத்" என்றான்.

ஏழுமலை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமி பிரசாதம், தட்டிவிட அவருக்கு மனம் வரவில்லை, எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஒற்றை விரலால் தட்டை மெதுவாகத் தள்ளினார். "நாளைக்கு இங்க இருக்காத" என்றார். ப்ரதாப்புக்கு அந்தத் தமிழ் புரிந்தது. பின்னால் நின்ற மச்சான் ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டதும் நன்றாகவே புரிந்தது.

மறுநாள் காலையில் ஐந்து பேரும் தகரப் பெட்டிகளோடு தெருவில் நடந்து போனார்கள். ப்ரதாப் மட்டும் நின்று, "தீதி, நான் இன்னா தப்பு செஞ்சேன்?" என்று எங்கள் தெருத் தமிழிலேயே கேட்டான். கான்ட்ராக்டர் ஒரு வாரத்தில் வேறு ஐந்து பேரை இறக்கி, தொழிற்சாலைக்கு உள்ளேயே ஒரு கொட்டகையில் தங்க வைத்தார். ஆயுத பூஜை வந்து போனது. ஏழுமலையை யாரும் கூப்பிடவில்லை. அந்த பிரஸ்ஸைக் கழற்றி லாரியில் ஏற்றி எங்கோ விற்றுவிட்டதாகக் கணவர் சொன்னார். தேவிக்கு அதைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அவள் அழவில்லை. "அப்ப அந்த ஒரிசாக்காரனும் ஓட்டலியா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வருடம் கோடையில் ஏழுமலையே எங்கள் வீட்டுக்கு வந்தார். பழைய பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஏஜென்ட் ஒருவர் மூலமாக மலேசியாவில் வேலை கிடைத்திருக்கிறதாம். ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை, மூன்று வருட கான்ட்ராக்ட், இடம் கிள்ளான். "உன் ஊருதானேக்கா? உன் தம்பியாண்ட ஒரு வார்த்த சொல்லி வெய்யேன். போய் எறங்கறப்போ தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு இருந்தா தைரியமா இருக்கும்" என்றார்.

அன்று மாலையே தம்பிக்குப் போன் போட்டேன். கிள்ளானில் நமக்குத்தான் இந்தியாவிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் எல்லாருமே 'ஊர்க்காரன்' ஆயிற்றே. "அக்கா, சும்மா இரு லா" என்றான். "இங்க நம்ம ஆளுங்களுக்கே ஓவர்டைம் இல்ல. ஊர்க்காரனுங்க வந்து பாதிச் சம்பளத்துக்கு நிக்கிறானுங்க. அவனக் கூட்டிட்டு வர நான் ஏர்போர்ட்டுக்குப் போனா பக்கத்து வீட்டுல என்ன நெனப்பாங்க?" அப்பாவின் குரல் அப்படியே இருந்தது. நான் மன்றாடினேன், கோபித்துக்கொண்டேன். லைனைத் துண்டித்துவிட்டான்.

ஏழுமலையிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஏஜென்டுக்குக் கொடுக்கத் தேவியின் தாலிச் சங்கிலி ஏற்கெனவே போயிருந்தது. திரும்பி வர வழியில்லாதவரிடம் அங்கே கதவு சாத்தியிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? விமான நிலையத்துக்குத் திரிசூலத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்று மின்சார ரயிலுக்கு வந்தார். நானும் தேவியும் வழியனுப்பப் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்ததும், "தம்பியாண்ட சொல்லிட்டல்லக்கா?" என்றார். "சொல்லிட்டேன்" என்றேன். சொன்னது உண்மைதானே. தேவி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஊரு ஜனம் எப்டிக்கா? இவர நல்லா வெச்சுக்குவாங்களா?" என்று கேட்டாள்.

"இங்க மாதிரிதான் தேவி" என்றேன்.

"அப்ப பரவால்லக்கா" என்றாள். அவள் முகம் தெளிந்தது.

ரயில் நகர்ந்தது. ஏழுமலை என் ஊருக்குப் போனார். நான் அவருடைய ஊரில் நின்றிருந்தேன். தேவி என் கையைக் கோத்துக்கொண்டு வீடு வரை பேசிக்கொண்டே வந்தாள், அங்கே என் தம்பி அவள் கணவருக்காக வாசலில் காத்துக்கொண்டிருப்பான் என்ற தைரியத்தில்.