அந்தக் கிணற்றுத் தண்ணீர்

செஞ்சியில் திரௌபதி அம்மனுக்குப் பாரதக்கூத்து தொடங்கினால், கடைத்தெரு முனையில் தண்ணீர்ப் பந்தல் போடுவது அனந்தநாதன் நயினார் வீட்டு வழக்கம். பந்தலைப் பார்த்துக்கொள்பவள் அவர் மனைவி ஜெயமாலா. சமண வீட்டு முறைப்படி ஒவ்வொரு குடத்தையும் வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். துணியில் தங்கும் சிற்றுயிர்கள் சாகக் கூடாது. துணியை அலசிய தண்ணீரை, எந்தக் கிணற்றிலிருந்து வந்ததோ அதிலேயே கொண்டுபோய் விட வேண்டும். வேறு தண்ணீரில் அவை பிழைக்காது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அம்மா தர்மவதி.

அந்த அம்மாவைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. பிறந்த ஊர் இரண்டு கல் தூரம்தான். மாடியில் துணி உலர்த்தும்போது அந்த ஊர்ப் பனைகள் தெரியும். ஆனால் ஜெயமாலாவின் தம்பி கல்யாணப் பந்தியில் தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று எழுந்து வந்த அனந்தநாதன், இனி அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஜெயமாலா துணி உலர்த்த அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

அறுபத்தைந்தாம் வருஷம் மழை இல்லை. ஊர்க் கிணறுகள் சேறாகிவிட, வண்டிக்கார வீராசாமி வெளியூர்களிலிருந்து பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்தான். ஒரு நாள் மதியம் அவன் சொன்ன ஊர்ப் பெயரைக் கேட்டு அவள் கை துணியிலேயே நின்றுவிட்டது. அவள் ஊர்.

அலசிய தண்ணீரைச் செம்பில் எடுத்து வைத்தாள்.

"குடும்மா, மறுநடைக்குப் போறப்ப வழியில எந்தக் கெணத்துலயாவது ஊத்திட்றேன். பூச்சிக்கு இன்னா ஊரு பேரா தெரியும்?" என்றான் வீராசாமி.

"தெரியும்" என்றாள் ஜெயமாலா.

அனந்தநாதன் கோபத்தில் பிடிவாதக்காரர், விரதத்தில் அதைவிட. "இவன நம்பிக் குடுக்க முடியாது. நீயே போய் வுட்டுட்டு வா" என்றார்.

"என்னை நம்பாட்டி போவட்டும் நைனாரே, என் மாட்டையாவது நம்புங்க!"

அவர் சிரிக்கவில்லை. "கெணத்தோட திரும்பிடணும். வூட்டு வாசல மிதிக்காத."

வீராசாமியின் வண்டியில் ஏறி, செம்பை மடியில் அணைத்து, சொட்டுச் சிந்தாமல் போய்ச் சேர்ந்தாள். கயிற்றில் கட்டி மெல்ல இறக்கி, நீரைத் தொட்ட பிறகே சாய்த்தாள். நிமிர்ந்தால், எதிரே தர்மவதி. யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கையில் சோற்றுக் கிண்ணம்.

"பொழுது சாயுதுடி. இருட்டினா நம்ம வெரதத்துக்குச் சாப்பிடக் கூடாதே. வூட்டுக்கு வாயேன்."

வீடு நாலு வாசல் தள்ளித்தான் இருந்தது. ஜெயமாலா அதைப் பார்த்தாள்.

"இங்கியே குடும்மா."

கிணற்றுப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் பின்னலை அவிழ்த்துத் திரும்பவும் பின்னினாள்.

"எளச்சிட்ட."

"நீதான் எளச்சிருக்கிற."

வீராசாமி என்றைக்கும் இல்லாதபடி நிதானமாகத் தண்ணீர் இறைத்தான். இருந்தும் பீப்பாய் நிறைந்துவிட்டது.

வண்டியில் ஏறியதும் கேட்டாள்: "நாளைக்கும் இங்கதான வருவ?"

"இந்த ஊர்க்காரங்க ஒரு நாளைக்குத்தாம்மா தண்ணி குடுத்தாங்க. நாளைக்கு வேற ஊரு."

தர்மவதி ஊர் எல்லை வரை வண்டியின் பின்பலகையைப் பிடித்தபடி நடந்து வந்தாள். பிறகு கையை எடுத்தாள். வெளிச்சம் இருந்தவரை ஜெயமாலா திரும்பி உட்கார்ந்தே போனாள்.