வளவுக்குள் ஒரு வட்ட எஞ்சின்

அண்ணையின் பெட்டிகள் கொக்குவிலில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கிய அன்று, உள்ளே இருப்பது குளிர்சாதனப் பெட்டியா என்று லொறிக்காரர் கேட்டார். ஆகாய விமானம் என்றார் அண்ணை. லொறிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது வருஷம் வெளியில் இருந்துவிட்டு வந்த மனிதருக்குக் கொஞ்சம் கழன்றிருக்கும் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணை என்னைவிட ஆறு வயது மூத்தவர். இங்கே யுத்தம் தொடங்க முன்பே இங்கிலாந்துக்குப் போய், புல்தரையில் விமானம் இறங்கும் ஒரு சின்னத் திடலில் பழைய விமானங்களைத் திருத்தித் திருத்தியே தலை நரைத்தவர். நான் எங்கும் போகாதவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அண்ணி காலமாகிய பிறகு அவர் ஊருக்கே வந்துவிட்டார். கலியாணம் செய்யாத நானும் அவருமாக அப்பா அம்மா இருந்த வீட்டில் இரண்டு கிழங்கள்.

வந்தது இரண்டு பேர் இருக்கக்கூடிய ஒரு விமானம். எங்கள் இரண்டு பேரையும்விட வயது கூடியது. அதன் பழைய எஞ்சின் இனித் திருத்த ஏலாத நிலை. அதற்குப் பதிலாக ஏழு சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் சின்ன எஞ்சின் ஒன்றை அண்ணை வாங்கியிருந்தார். அதைப் பொருத்தி ஓட்டிக் காட்டினால், கொழும்புப் பக்கத்தில் ஒரு பறப்புக் கழகம் விமானத்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. கிராம சேவகர் வந்து காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்ததில் அவருக்குச் சின்ன ஏமாற்றம். கடைசியில் புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்.

புதிய எஞ்சின் பழையதைவிடப் பாரம். பாரம் கூடினால் மூக்கு கவிழும். ஆகவே அதை உடலோடு ஒட்டிப் பின்னுக்கு வைக்க வேண்டும், அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் நீளம் குறைந்து கட்டையாக இருக்க வேண்டும். எவ்வளவு கட்டை என்பதுதான் கேள்வி. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இரு பக்கமும் ஏறி இறங்கும் பலகையை வைத்துப் படிப்பித்த அதே கணக்கு. அண்ணை தன் கணக்கையும் என் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னுடையதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார். சின்ன வயதில் ஒருநாளும் ஒப்புக்கொண்டவர் அல்ல.

விமானத்தை நிறுப்பதற்கு நீர்வேலியில் இருந்து வாழைக்குலை நிறுக்கும் மேடைத் தராசுகள் மூன்றை இரவலாக வாங்கி வந்தோம். முன் சில்லு இரண்டுக்கும் வால் சில்லுக்கும் ஒவ்வொன்று. ஆள் இருந்தால் பாரம் எப்படி மாறும் என்று பார்க்க அண்ணை உள்ளே ஏறி இருந்தார். தராசோடு வந்த வாழைக்குலை வியாபாரி கணக்குப் பார்த்து, ஐயா எட்டுக் கதலிக் குலை வருவார் என்று அறிவித்தார். அந்த வருஷம் முழுக்க நான் அண்ணையை எட்டுக் குலை என்று பகிடி பண்ணினேன்.

எஞ்சின் பொருந்திய பிறகு எனக்கு ஒரு வேலை கிடைத்தது. இந்த வகை எஞ்சினில் கீழே பார்த்து நிற்கும் சிலிண்டர்களுக்குள் எண்ணெய் வடிந்து தேங்கும். அது தெரியாமல் முடுக்கினால் உள்ளே தண்டு வளைந்துவிடும். அதனால் முதலில் புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். தடக்கினால் பலவந்தம் பண்ணக்கூடாது, கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். காலமையில் தேத்தண்ணி குடித்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான்தான் சுற்றுவேன். அண்ணை காதைச் சிலிண்டரோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த மாதங்களில் இருந்ததுபோல் நான் என் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்ததில்லை. விமானம் லொறியில் ஏறிக் கழகத்துக்குப் போய் மூன்று வருஷமாகிவிட்டது. இப்போதும் காலமையில் கை சும்மா இருக்கிறதென்று தோன்றும்.

ஆனால் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு பயம் இருந்தது. எஞ்சின் ஒருநாள் சத்தம் போடும். அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியுமா என்று எனக்கே தெரியாது. சொன்னால் அண்ணை அன்றைக்கே எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடிவிடுவார். அவருக்கு வேறு ஆசை இல்லை. அதனால் சொல்லவில்லை. யுத்த வருஷங்களைப் பற்றி அவர் கேட்டதும் இல்லை. கேட்டால் நான் நோவேன் என்று அவர் நினைத்திருப்பார். கேட்காததில் நொந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை அண்ணை விமானத்தின் வாலை மாமரத்தில் கட்டினார். சில்லுகளுக்கு முன்னால் கட்டைகள் வைத்தார். நான் கிணற்றடியில் உடுப்பு அலம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று முறை இருமிவிட்டு, நீலப் புகை கக்கி, எஞ்சின் பிடித்தது.

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று நினைவில்லை. சத்தம் நின்றபோது நான் கிணற்றுக் கட்டோடு குப்புறக் கிடந்தேன். இரண்டு காதிலும் விரல், வாய் ஆவென்று திறந்தபடி.

அண்ணை ஓடி வந்தார்.

“வழுக்கி விழுந்திட்டியோ?”

“இல்லை அண்ணை. படுத்தனான்.”

அவருக்கு விளங்கவில்லை. அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அசடு வழியச் சிரித்தார். அவருடைய சட்டையின் முன்பக்கம் முழுக்க மண். சாரத்திலும் மண். என்னைப் போலவே.

அண்ணை அவருடைய சட்டையைப் பார்த்தார். பிறகு என் சேலையைப் பார்த்தார். தபால்காரர் படலையைச் சாத்திக்கொண்டு போனதும் என்னிடம் கேட்டார்.

“நீங்கள் எல்லாரும் எப்பிடிப் படுக்கிறனீங்கள்? எனக்குக் காட்டு.”

எழுபது வயது மனிதர், எண்ணெய் புரண்ட கையோடு, கிணற்றடியில் எனக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

“முழங்கையை ஊண்டுங்கோ. நெஞ்சு நிலத்திலை படக்கூடாது. வாயைத் திறந்து வைச்சிருங்கோ.”

சொன்னபடி செய்தார். அப்படியே கிடந்து, குண்டு போடும் விமானங்கள் வரும்போதெல்லாம் எத்தனை வருஷம் இப்படி என்று கேட்டார். நான் சொன்னேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வது லேசாக இருந்தது. யார் யார் எழும்பவில்லை என்பதையும் சொன்னேன். எழும்பி உட்கார்ந்தபோது அவருடைய கண் சிவந்திருந்தது.

“உந்த எஞ்சினைக் கழட்டிப் போடுறன்.”

“கழட்ட வேண்டாம். சொல்லிப்போட்டு ஸ்டார்ட் பண்ணுங்கோ, அண்ணை. அப்ப ஒருத்தரும் சொல்லிப்போட்டு வரேல்லை.”

அடுத்தநாள் ஞாயிறு, அன்று எஞ்சினில் கை வைக்கவில்லை. திங்கள் காலமை அண்ணை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒழுங்கை முழுக்க வீடு வீடாகப் போனார். படலையைத் தட்டி, பத்து மணிக்கு எஞ்சின் போடப்போவதைச் சொல்லிவிட்டு வந்தார். கடைசியாக, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வந்து நின்றார். அடுத்த வீட்டு மனிதருக்குச் சொல்வதுபோல எனக்கும் சொன்னார்.

“பத்து மணிக்கு எஞ்சின் போடப் போறன். அஞ்சு நிமிஷம்தான். சத்தமாயிருக்கும். ஒண்டும் நடக்காது.”

ஓம் என்றேன். பத்து மணிக்கு எஞ்சின் பிடித்தது. குசினி யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஐந்து நிமிஷமும் நின்றபடியே கேட்டேன்.