செம்மண்ணுக்குள் ஒரு முனகல்

பிரசவ வார்டில் றோஸ்மலருக்கு மிகவும் பிடித்த பொருள் ஒரு மரக்குழல். அதன் அகன்ற வாயைத் தாயின் வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை அழுத்திக் குனிந்தால் உள்ளே இருக்கும் பிள்ளையின் இதயம் கேட்கும். அந்த வருடம், 1978இல், மெல்பேர்னின் ஃபுட்ஸ்கிரேயில் அவள் வேலை செய்த ஆஸ்பத்திரிக்கு மின்சாரக் கருவிகள் வந்துவிட்டன. இளம் தாதிமார் ஒரு பொத்தானை அழுத்தினால் அறை முழுவதும் குதிரை ஓடுவதுபோல் சத்தம் கேட்டது. றோஸ்மலர் மட்டும் குழலை விடவில்லை. கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, தோலுக்கு அப்பால் இருந்து வரும் அந்த மெல்லிய தட்டலுக்காகக் காத்திருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

பருத்தித்துறையில் பிறந்தவள். தாதிப் பயிற்சிக்கு லண்டன் போய், அங்கிருந்து மெல்பேர்னுக்கு வந்தவள். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் நடக்கவில்லை. அதை ஒரு குறையாக அவள் வைத்துக்கொள்ளவும் இல்லை. ரயில் பாதையோரம் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருந்தாள். இரவு வேலை முடிந்து பகலில் தூங்கும்போது, ரயில்கள் அவள் கனவுக்குள் புகுந்து கடலாகிப் போகும்.

ஒரு ஞாயிறு பிற்பகல், பிள்ளை பிறந்து நெடுநேரம் கழித்து ஒரு தகப்பன் வார்டுக்குள் ஓடி வந்தான். சப்பாத்து முழுக்கச் சிவப்புச் சேறு. மனைவி திட்டத் தொடங்குமுன் அவன் தன் கையை விரித்தான். உள்ளங்கையில், மண் ஒட்டிய ஒரு தங்கக்கட்டி. பால்பல் அளவுதான் இருக்கும். டனோலிப் பக்கத்துக் காட்டில் அன்று காலை கிடைத்ததாம்.

"தங்கம் தேடும் கருவி கூப்பிட்டது, சிஸ்டர். தோண்டினேன். இருந்தது."

"என்ன மாதிரிக் கூப்பிட்டது?" என்று றோஸ்மலர் ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "மண்ணுக்குள் யாரோ தூக்கத்தில் முனகுவதுபோல" என்றான்.

அந்தப் பதில் அவளை விடவில்லை. டிராமில் போகும்போதும், ரொட்டிக்கு மாக் குழைக்கும்போதும் அந்த முனகல் எப்படி இருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். வெரிபீயில் இருந்த, ஊர்க்காரரான வேதவல்லி அன்ரியிடம் சொன்னபோது அன்ரி சிரித்தார். "தங்கம் வேணுமெண்டால் சிங்கப்பூராலை வரேக்கை வாங்கலாம், பிள்ளை. அதுக்கு ஏன் காடு கிண்டுவான்?"

"தங்கத்துக்கு இல்லை, அன்ரி. அந்தச் சத்தத்தை ஒருக்காக் கேக்கவேணும்."

அன்ரி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

*

சனிக்கிழமை நண்பகலோடு மெல்பேர்னில் கடைகள் பூட்டிவிடும். ஒரு சனி காலை, தங்கம் தேடும் கருவிகள் விற்கும் கெவின் என்பவரின் கடைக்கு றோஸ்மலர் போனாள். கடையின் நடுவே ஒரு பெரிய மரப்பெட்டி. அதில் தங்கம் கிடைக்கும் காடுகளிலிருந்து அள்ளி வந்த செம்மண், இடையிடையே கறுத்த இரும்புக் கற்கள்.

"முதலில் மண்ணைக் கேளுங்கள்" என்று கெவின் ஒரு பழைய மாதிரிக் கருவியை அவள் கையில் கொடுத்தார். ஒரு நீண்ட தண்டு, அடியில் சாப்பாட்டுத் தட்டின் அளவில் ஒரு வட்டத் தட்டு, காதுக்கு ஹெட்போன். தட்டை மண்மேல் கொண்டுபோனதும் அது அலறியது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அலறல். இந்த நாட்டு மண்ணிலேயே இரும்பு இருக்கிறது, பழைய கருவிகளுக்கு மண்ணே உலோகம்தான் என்று கெவின் விளக்கினார்.

"ஐயோ, இது பன்றி கத்துற மாதிரிக் கத்துது" என்று அவள் தன்னையறியாமல் தமிழில் சொன்னாள்.

கெவின் அடுத்த கருவியை எடுத்தார். புதிதாக அமெரிக்காவிலிருந்து வந்தது. அதில் ஒரு குமிழ் இருந்தது. தட்டை மண்ணுக்கு மேல் தூக்கித் தாழ்த்தியபடி அந்தக் குமிழைத் திருப்ப, மண்ணின் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கியது. "இப்போது உங்களிடம் தங்கம் ஏதாவது இருக்கிறதா?" என்றார். றோஸ்மலர் தன் ஒரு காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி, அதைப் பெட்டிக்குள் எங்கோ புதைத்தார்.

அவள் தட்டை மண்ணுக்கு மிக அருகில், ஆனால் தொடாமல், மெதுவாக வீசினாள். ஒன்றுமில்லை. நிசப்தம் கூட இல்லை, நிசப்தத்துக்கு அடியில் ஒரு நூல்போன்ற ஓசை. பெட்டியின் மூலையில் அந்த நூல் கொஞ்சம் தடித்தது, வளைந்தது, மறுபடி மெலிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இஞ்சை" என்றாள்.

தோடு அங்கேதான் இருந்தது.

"அந்த மெஷினத்தான் நானும் வாங்க வந்தேன்" என்று பின்னாலிருந்து தமிழில் ஒரு குரல் வந்தது. கண்ணாடி போட்ட, உயரமான ஒருவர். அவர் பெயர் பாஸ்கர். மலேசியாவில் ஈப்போக்காரர், சன்ஷைனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறார். போன வாரமே வந்து பார்த்துவிட்டு, இந்த வாரம் முடிவு செய்து வந்திருக்கிறார்.

கெவின் தலையைச் சொறிந்தார். அந்த மாதிரியில் அது ஒன்றுதான் மிச்சம். அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது.

"நீங்கள் எடுங்கோ, மாஸ்டர்" என்றாள் றோஸ்மலர். சொன்ன பிறகும் கை தண்டை விடவில்லை.

பாஸ்கர் அதைப் பார்த்தார். "உங்ககிட்ட கார் இருக்குங்களா, சிஸ்டர்?"

"இல்லை."

"எங்கிட்ட இருக்கு. ஆனா அந்த மூலையில எனக்கு ஒண்ணுமே கேட்டிருக்காதுங்க. போன வாரம் இதே பெட்டிய மூணு தடவ சுத்தினேன். கெவின் பாவப்பட்டு இடத்தக் காட்டினாரு."

இருவரும் சேர்ந்து வாங்கினார்கள். கெவின் ஹெட்போனை ஒரு பையில் போட்டுக்கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டினார்.

*

அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டை எடுத்துக்கொண்டு, லீவு ஒத்துவந்த ஞாயிறுகளில் பாஸ்கரின் பழைய டட்சன் காரில் அவர்கள் டனோலிப் பக்கம் போனார்கள். அயன்பார்க் மரங்கள் கறுத்த, வெடித்த பட்டையோடு நிற்கும் காடு. தரையெங்கும் வெள்ளைக் கற்கள் சிதறிக் கிடக்கும். நூறு வருடத்துக்கு முன் தங்கம் தேடியவர்கள் தோண்டிவிட்டுப் போன குழிகள், இலைச் சருகு மூடித் தூங்கும்.

கேட்பது அவள் வேலை. தோண்டுவது அவர் வேலை. ஹெட்போன் ஒன்றுதான் என்பதால், கேட்டதை அவள் அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது.

"எப்படி இருக்கு?"

"கூர்மையாய். வெட்டி வெட்டி."

"ஆணி" என்பார் பாஸ்கர். ஆணிதான்.

"இது உருண்டையாய், தடிப்பாய்."

துப்பாக்கி ஈயக்குண்டு. பிறகு பியர் டின்னின் மூடி வளையம், சப்பாத்து லாடம், ஒரு கரண்டியின் பாதி. சூடான கல் என்று தேடுபவர்கள் சொல்லும் இரும்புக் கற்கள் அவளை அடிக்கடி ஏமாற்றின. தங்கம் வரவில்லை. ஆனாலும் மாலையில் திரும்பும்போது அவளுக்கு எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை. நாள் முழுவதும் பூமியில் காதை வைத்துக் கிடந்ததுபோல் ஒரு கிறக்கம் இருக்கும். ஃபிளாட்டில் படுத்த பிறகும் அந்த நூலோசை ஓடிக்கொண்டேயிருக்கும், மரங்கள் மெதுவாக நடந்து போகும்.

ஜூன் மாதம் ஒரு காலை. பாஸ்கர் தேநீர் பிளாஸ்க்கை எடுத்துவரக் காருக்குப் போனார். அவள் வீசிக்கொண்டே நடந்தாள். எப்போது பனிமூட்டம் இறங்கியது என்று கவனிக்கவில்லை. திடீரென்று பார்த்தால் மரங்கள் இல்லை. வெள்ளை மட்டும்தான். தன் கால்கூட மங்கலாகத் தெரிந்தது. அந்த வெள்ளைக்குள், ஆழத்தில், ஒரு முனகல் கேட்டது. ஆணியில்லை, குண்டில்லை. தூக்கத்தில் புரண்டு படுப்பவரின் மூச்சு. அவள் அதே இடத்தில் நின்று திரும்பத் திரும்பத் தட்டை வீசினாள். ஒவ்வொரு முறையும் அது வந்தது.

தோண்டுவதற்காக ஹெட்போனைக் கழற்றினாள்.

"மலர்!"

தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். ஊரில் அவள் றோஸ். ஆஸ்பத்திரியில் சிஸ்டர் றோஸ். மலர் என்று அவளை யாரும் அழைத்ததில்லை. இரண்டாம் முறை கேட்டபோதுதான் அது பாஸ்கரின் குரல் என்றும், அந்தக் குரலில் பயம் இருக்கிறது என்றும் புரிந்தது.

"வாறன்! எங்கை நிக்கிறியள்?"

"ஓடாதீங்க! தரையப் பார்த்து வாங்க, இங்க நெறைய குழி."

கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிக்காசின் பிடியால் முன்னால் தட்டித் தட்டி நடந்தாள். அவர் ஒரு பழைய குழிக்குள் நெஞ்சளவு ஆழத்தில் நின்றிருந்தார். முகம் வெளிறியிருந்தது. ஒரு கால் தரையில் ஊன்றவில்லை. அவள் விழுந்து கிடந்த ஒரு கிளையை இழுத்து வந்து குழிக்குள் சரித்தாள். குப்புறப் படுத்து, அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். மேலே வந்ததும் இருவரும் சேற்றில் கிடந்து மூச்சு வாங்கினார்கள்.

"எவ்வளவு நேரமாய்க் கூப்பிட்டனீங்கள்?"

"ரொம்ப நேரமா. மொதல்ல சிஸ்டர்னுதான் கூப்பிட்டேன்."

அவள் தன் கழுத்துச் சால்வையால் இரண்டு குச்சிகளை வைத்து அவர் கணுக்காலைக் கட்டினாள். பிறகு அவரைத் தாங்கிக் காருக்குக் கொண்டு வந்தாள். அவளிடம் லைசன்ஸ் இல்லை. இரண்டு தடவை பரீட்சையில் தவறியிருந்தாள். ஆனாலும் முதல் கியரை மாற்றாமலே, பனிக்குள் ஊர்ந்து ஊர்ந்து, மேரிபரோ ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள்.

அங்கே காத்திருக்கும்போதுதான் அந்த முனகல் நினைவுக்கு வந்தது. இடத்தில் ஒரு கல்லைக்கூட அடையாளம் வைக்கவில்லை.

"போச்சு" என்றார் பாஸ்கர். "என்னாலதான்."

"போகட்டும். நீங்கள் அதைவிட உரத்துக் கூப்பிட்டனீங்கள்."

அவர் கால் ஆறும்வரை அவள் மீன்குழம்பு கொண்டு சன்ஷைனுக்கு ரயிலில் போய்வந்தாள். கருவி அவர் வீட்டு வரவேற்பறையில் சாய்ந்து நிற்கும். ஒருநாள் அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "இதப் பத்தி ஒரு பிரச்சினை இருக்கு, மலர்" என்றார்.

"பழுதாய்ப் போச்சுதோ?"

"இல்ல. வீடு ரெண்டு, மெஷின் ஒண்ணு. எந்த வீட்டுல வைக்கிறதுன்னுதான்."

அவள் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. "வேதவல்லி அன்ரியிட்டைக் கதைக்கவேணும்" என்றாள் கடைசியில். "அவ என்னை விசரி எண்டுதான் சொல்லுவா."

அவர் சைவம், அவள் கிறிஸ்தவ வேதம். அன்ரி பெரிதாக ஏதோ சொல்லப் போகிறார் என்று பயந்துபோனார்கள். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "ஆள் சமைப்பாரோ?" பதிவுக் காரியாலயத்தில் கல்யாணம் நடந்தது. அன்ரி சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

*

காட்டுக்கு மறுபடி போனபோது வாட்டில் மரங்கள் பூத்திருந்தன. எங்கும் மஞ்சள் தூசு. பனியில் பார்த்த இடம் வெயிலில் வேறு இடமாக இருந்தது. அந்தக் குழியைக் கண்டுபிடித்தார்கள், அங்கிருந்து எல்லாப் பக்கமும் நடந்தார்கள். அந்தச் சத்தம் கிடைக்கவில்லை. சில வாரங்கள் அவளுக்கு அது உண்மையாகக் கேட்டதா என்றே சந்தேகம் வந்தது. பிறகு தேடுவதை விட்டார்கள்.

அடுத்த வருடம், 1979இன் வசந்தம். வேறொரு சரிவு. மத்தியானம் ஒரு மரத்தடியில் சாப்பிட்டு முடித்து, பாஸ்கர் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு கண் அயர்ந்தார். றோஸ்மலர் சும்மாதான் ஹெட்போனை மாட்டினாள். விரிப்பின் ஓரத்தில் தட்டு போனபோது ஓசை உயர்ந்தது. முனகல் இல்லை. வாய்விட்டுச் சிரிப்பது மாதிரி, தெளிவாக, மிக அருகில்.

"எழும்புங்கோ."

"எப்படி இருக்கு?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

"தெரியேல்லை. இது மாதிரி ஒண்டும் முன்னம் கேக்கேல்லை."

அவர் தோண்டவேண்டியிருக்கவில்லை. சருகை விலக்கி, விரலால் இரண்டு அங்குலம் கிளறினார். ஒரு மண்ணாங்கட்டி. அளவுக்கு மீறிய பாரம். அவள் அதை வாங்கி, யோசிக்காமல் வாயில் போட்டுச் சப்பி, உள்ளங்கையில் துப்பினாள். புளியங்கொட்டை அளவில், ஒருபக்கம் பள்ளம் விழுந்த தங்கம். நாக்கில் மண்ணும் மழையும் கலந்த சுவை.

ஒரு மேக்பைப் பறவை எங்கிருந்தோ தண்ணீர் ஊற்றுவதுபோலப் பாடியது. பாஸ்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டு, மறுபடி கழற்றினார்.

"இன்னும் தேடலாமா?" என்றார்.

"இண்டைக்குக் காணும்" என்று அவள் ஹெட்போனைக் கழற்றிச் சுருட்டினாள்.

திரும்பும் வழியில் அவள் காருக்குள் உறங்கிப்போனாள். பக்கஸ் மார்ஷில் பெட்ரோல் போட நிறுத்தியபோது, பங்கில் நின்ற கிழவர் பின் இருக்கையில் கிடந்த கருவியையும் சேறு பிடித்த பிக்காசையும் பார்த்தார். "ஏதாவது கிடைத்ததா?" என்று கேட்டபடி ஜன்னலில் குனிந்தார். முன் இருக்கையில், கன்னத்துக்கு அடியில் மூடிய கையை வைத்துக்கொண்டு றோஸ்மலர் தூங்கிக்கொண்டிருந்தாள். பாஸ்கர் உதட்டில் விரலை வைத்தார். கிழவர் தலையசைத்து, சத்தம் வராமல் மெல்லப் பெட்ரோல் மூடியைத் திருகினார்.