என் மனைவியின் பல்லில் நான் எடுத்த பிசிறு

பல் டாக்டர் என் கையில் கொடுத்த மாதிரித் திருகாணியை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "இது ரிஜெக்ட் பீஸ், டாக்டர்" என்றேன்.

எங்கள் ஊரான கெலாங் பாத்தா பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக உலோக உதிரிபாகங்களுக்குப் பிசிறு எடுக்கிறேன். மெஷினில் வெட்டிய ஓரத்தில் முடி கனத்துக்கு ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கொக்கி வடிவக் கத்தியால் சீவி எடுத்து, நகத்தால் வருடிப் பார்த்து, வழுவழுப்பாக இருந்தால்தான் பெட்டியில் போடுவோம். வேலை அங்கே முடிந்துவிட்டாலும் நகம் சும்மா இருப்பதில்லை. சாப்பாட்டுக் கடையில் கரண்டியைத் தடவுவேன். கல்யாண வீட்டில் குத்துவிளக்கைத் தடவி, அதைக் கொடுத்தவரிடமே குறை சொல்லியிருக்கிறேன். இதில் எனக்கு வெட்கம் எதுவும் கிடையாது.

அதே மாதிரி ஒன்றுதான் என் மனைவியின் தாடை எலும்புக்குள் போக இருந்தது. மேல்வரிசை முன்பல் ஒன்று விழுந்து, ஏழு வருடமாகக் கழற்றி மாட்டும் பல்லோடு காலம் தள்ளியிருந்தாள். அவள் பாலர் பள்ளி ஆசிரியை. ஒருநாள் பாட்டு சொல்லிக்கொடுக்கும்போது தும்மல் வந்து, பல் பறந்துபோய் ஒரு குழந்தையின் வண்ணப் பென்சில் டப்பாவில் விழுந்தது. குழந்தைகள் கைதட்டி, இன்னொரு தடவை செய்யச் சொன்னார்கள். அன்றிலிருந்து வாயை அதிகம் திறக்காமலே சிரிப்பாள். வீட்டில்கூட அப்படித்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

டாக்டருக்கு என் மகள் வயது இருக்கும். பொறுமையான பெண். "அங்கிள், கீழ்ப்பாகம் சொரசொரப்பா இருக்கணும்னே அப்படிச் செய்றாங்க. எலும்பு அதைக் கெட்டியா பிடிச்சிக்கும். மேல ஈறைத் தொடுற பாகத்தைத் தடவிப் பாருங்க" என்றார்.

தடவினேன். கண்ணாடி மாதிரி இருந்தது.

"அங்க சொரசொரப்பு இருந்தா அழுக்கு ஒட்டும். ஒட்டினா கிருமி சேரும், ஈறு வீங்கும். அப்படியே விட்டா எலும்பு கரைஞ்சு கீழ இறங்கிடும். எலும்பு இறங்கிட்டா அந்தச் சொரசொரப்பான பாகமும் வெளியில வந்திடும். அப்புறம் சுத்தம் பண்றது ரொம்பக் கஷ்டம். கடைசியில எல்லாத்தையும் கழட்ட வேண்டியதுதான்."

எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன். உண்மையிலேயே எல்லாம் புரிந்தது, அதுதான் கேவலம்.

திருகாணி எலும்போடு சேரச் சில மாதங்கள் ஆயின. அதன்மேல் பல்லை வைத்ததும் என் மனைவி கண்ணாடி முன்னால் நின்று கொஞ்ச நேரம் சும்மா சிரித்துப் பார்த்தாள். பாலர் பள்ளியில் சிங்கம் கர்ஜிப்பதைச் செய்து காட்டினாளாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏதோ நானே அந்தப் பல்லைச் செய்து பொருத்தியதுபோல் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஏங்க, பல்லுக்குப் பின்னால நாக்குல என்னமோ தட்டுது. கொஞ்சம் பாருங்க" என்றாள்.

ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, போன் வெளிச்சத்தில் பார்த்தேன். பல்லின் பின்பக்கம், ஈறு ஓரத்தில், மஞ்சளாக ஒரு துளி பற்காறை. என் கண்ணுக்கு அது காறையாகத் தெரியவில்லை, பிசிறாகத்தான் தெரிந்தது.

டாக்டரிடம் போயிருக்கலாம். எந்தச் சாதாரண மனிதனும் போயிருப்பான். நான் அலமாரியைத் திறந்து என் சொந்தக் கத்தியை எடுத்தேன். கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டேன், சுத்தம் முக்கியம் அல்லவா. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவி எடுத்தேன். என் மனைவி நாக்கால் தடவிப் பார்த்து, "நல்லா இருக்கு லா" என்றாள். அந்த ஒரு வார்த்தை என்னைக் கெடுத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும், பிசிறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மெஷினுக்குப் பராமரிப்பு செய்வதுபோல் அவள் பல்லுக்குச் செய்தேன்.

ஐந்தாவது வாரம் பல் துலக்கும்போது ரத்தம் வந்தது. அடுத்த வாரம் ஈறு சிவந்து வீங்கியது. மூன்று நாளாக அவள் சிரிக்கவே இல்லை என்பதைக் கவனித்ததும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

ஸ்கூடாயில் இருந்த கிளினிக்கில் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு இன்னும் இறங்கவில்லை, ஆனால் ஈறு மோசமாக இருந்தது. பல்லை, திருகாணியோடு அதை இணைக்கும் கழுத்துப் பாகத்தோடு சேர்த்துத் திருகிக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தவர், நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

"யாரோ இதை இரும்பால சுரண்டியிருக்காங்க. பளபளன்னு இருக்க வேண்டிய இடம் பூரா கீறல். கீறல்லதான் அழுக்கு பிடிச்சிருக்கு." இன்னொரு முறை பார்த்தார். "ஆனா எல்லாக் கோடும் ஒரே சீரா, ரொம்ப நேர்த்தியா இருக்கு."

வெட்கத்தைச் சொல்கிறேன். அரை நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. மறு நொடி முகத்தில் ஈயாடவில்லை. மெருகு போட்ட பரப்பை இரும்பால் தொடாதே என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். புதிதாகச் சேருபவர்களை இதற்காக நான் திட்டாத திட்டு இல்லை.

"யார் செஞ்சது?" என்றார் டாக்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள், சரியாகச் சொன்னால் நான் திறக்காமல் இருந்ததால், என் மனைவி சொன்னாள்: "நான்தான் டாக்டர். கொண்டை ஊசியால."

டாக்டர் அவளைக் கால் மணி நேரம் திட்டினார். கிளினிக்கில் நாங்களே அதற்கென்று பிளாஸ்டிக் கருவி வைத்திருக்கிறோம், இரும்பைத் தொடுவதில்லை என்றார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியைக்கு இது தெரியாதா என்றார். கீறல் விழுந்த பாகத்துக்குப் பதில் புதிது போடலாம், ஆனால் ஒரு மாதத்தில் வீக்கம் வடியாவிட்டால் பல்லுக்கு உத்தரவாதம் இல்லை என்றார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் நான் கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கிடைக்கப்போவதை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். எதுவும் கிடைக்கவில்லை. சோறு போட்டாள். மறுநாளும் போட்டாள். முப்பது வருடத்தில் நான் மறந்துபோன ஒரு காய்கறிக்காகவும், வாசலில் கழற்றிப்போட்ட செருப்புக்காகவும் கிழி கிழி என்று கிழித்தவள், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மெல்லிய பிரஷ்ஷால் துலக்கினாள், மருந்துத் தண்ணீரால் கொப்பளித்தாள், தினமும் கண்ணாடியில் ஈறைப் பார்த்தாள். ஒரு மாதம் நான் பயந்துபோய் நடமாடினேன். திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மாதம் முடிந்து போனோம். டாக்டர் ஈறைச் சுற்றிக் குத்திப் பார்த்தார். ரத்தம் வரவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

"பல்லு தப்பிச்சிருச்சு ஆன்ட்டி" என்றார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "டாக்டர், சுரண்டினது நான்தான்" என்றேன்.

"தெரியும் அங்கிள்" என்றார், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "கொண்டை ஊசியால சொந்த வாயில அவ்வளவு நேரா கோடு போட முடியுமா? ஆன்ட்டிய ஏன் அவ்வளவு நேரம் திட்டினேன்னு நினைக்கிறீங்க? பக்கத்துல இருந்த உங்க காதுல விழணும்னுதான்."

காரில் ஏறியதும் என் மனைவியிடம் கேட்டேன். "அன்னைக்கு ஏன் பழியை உன்மேல போட்டுக்கிட்ட? இந்த ஒரு மாசமா ஏன் ஒரு வார்த்தை திட்டல?"

அவள் சீட் பெல்ட்டை மாட்டினாள்.

"உங்களைத் திட்டுறது என் வேலை, டாக்டரோட வேலை இல்ல. ஆனா பல்லு இருக்குமா போயிடுமான்னு தெரியாம திட்ட ஆரம்பிச்சிருந்தா, அது நெஜமாவே கோபமா போயிருக்கும். பல்லு போயிருந்தா அந்தக் கோபம் போயிருக்காது. அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். "இப்ப பல்லு இருக்கு. இப்ப திட்டலாம்."

சாலையில் நெரிசல். கெலாங் பாத்தா வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோதும் அவள் முடித்திருக்கவில்லை, நானும் இறங்க அவசரப்படவில்லை.